ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டாவது ஆள்

என் செந்திலுக்கு,

நீ கோழை. கோபத்தில் சொல்லவில்லை. உன்மேல் இருந்த கோபம் உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றே போய்விட்டது. உள்ளதைச் சொல்கிறேன். எனக்குக் கிடைத்த சிநேகிதர்களில் நீதான் நல்லவன், நீதான் கோழை.

சேதி என்னவென்றால், கோட்டை கேமை முடித்துவிட்டேன். கடைசி ஸ்டேஜ், கடைசிக் கதவு, எல்லாம். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முடித்தேன். கூடத்தில் என்று சொன்னது உன் காதில் விழுந்ததா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நான் காலனித் தெரு. என் அம்மா உங்கள் வயலில் நடவு நட்டவள். உன் அப்பா கும்பகோணத்திலிருந்து உனக்கு டிவி கேம் வாங்கி வந்தபோது நாம் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் உன் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்பேன். உன் வீட்டில் மட்டும் படி தாண்டக் கூடாது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமலே வந்துவிடுகிற பாடம் அது.

நீ என்ன செய்தாய்? பழைய டெலிபோன் ஒயரை வெட்டி, இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் ஒயரோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, பக்கத்து ஜன்னல் கம்பி வழியாக வெளியே விட்டாய். நான் மாட்டுத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று விளையாடுவேன். பின்னால் உங்கள் மாடு என் சட்டையை மென்றுகொண்டிருக்கும்.

“டேய் அன்பு, குதிடா.”

“மொதல்ல உன் மாட்ட என் சட்டைய விடச் சொல்லுடா.”

“அதுவும் கேம் பாக்குதுடா. பாத்துட்டுப் போவுது.”

கேசட்டின் மேல் இருந்த எழுத்து நம் இருவருக்கும் தெரியாத பாஷை. நாமாகத்தான் கோட்டை கேம் என்று பெயர் வைத்தோம். சிவப்புச் சட்டைக்காரன் நீ, பச்சைச் சட்டைக்காரன் நான். வழியில் ஒருவன் செத்தாலும் மற்றவன் போய்க்கொண்டிருக்கலாம், செத்தவன் அடுத்த ஸ்டேஜில் திரும்ப வந்துவிடுவான். கடைசிக் கதவுக்கு மட்டும் இரண்டு பேரும் உயிரோடு வேண்டும். நீ வலது பக்கச் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நான் அகழியைத் தாண்டி இடது ஓரத்துச் சங்கிலியைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் அகழியில் விழுந்தேன்.

ஏன் விழுந்தேன் என்று உனக்குத் தெரியும். டிவி இருந்தது ஷோகேஸுக்குள். அது உன் அப்பாவின் நாற்காலியைப் பார்த்து இருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷோகேஸின் கதவு திரையின் இடது ஓரத்தை மறைத்துவிடும். அகழி எங்கே முடிகிறது என்று நான் பார்த்ததே கிடையாது. “இப்பக் குதி” என்று நீ கத்துவாய். அந்தச் சத்தம் ஜன்னலைத் தாண்டி என் விரலுக்கு வருவதற்குள் பச்சைச் சட்டை தண்ணீருக்குள் போயிருப்பான்.

ஒற்றை ஆளாக விளையாடினால் அந்தக் கதவுக்கு ஒரு சங்கிலிதான். உன் பெரியப்பா மகன் லீவுக்கு வந்தபோது அப்படி விளையாடி, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். “அவன வெச்சுக்கிட்டு நீ ஜென்மத்துக்கும் முடிக்க மாட்ட” என்றான். நீ கேசட்டை உருவி, வாயில் வைத்து ஊதி, திரும்பப் போட்டு, இரண்டு பேர் ஆட்டத்தையே அழுத்தினாய். நீ ஒரு நாளும் அந்த விளையாட்டைத் தனியாக முடிக்கவில்லை. அந்த ஒன்றுக்காக உன் காலைக்கூடக் கட்டிக்கொண்டு அழுவேன்.

ஆனால் அவ்வளவு செய்தவன் உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அவனை உள்ளே விடுங்கள் என்று ஒரு தடவையாவது? இத்தனை வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது இதுதான்.

வளர்ந்த பிறகு நீ என் செல்போன் கடைக்கு வருவாய். என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு வந்த டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்பாய். உன் தங்கை கல்யாணத்தில் என் தோளைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தாய். அது மண்டபம். வாடகைக்கு எடுத்த இடத்தில் எல்லோருக்கும் பெருந்தன்மை வந்துவிடுகிறது. உன் வீட்டைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு பைபாஸ் வேலைக்காக வெட்டிப் போட்டு, ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டாமல் விட்ட பள்ளத்தில் உன் பைக் விழுந்தது. உன்னை வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். அன்றைக்கும் நான் பந்தல் வரைக்கும்தான்.

போன மாதம் உன் அம்மா போன் செய்தார்கள். “தம்பி, பரணச் சுத்தம் பண்ணயில அந்த கேமு கெடந்துச்சுப்பா. தூக்கிப் போட மனசு வரல. நீ வந்து எடுத்துட்டுப் போயேன்.”

போனேன். வாசலில் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். பையிலிருந்து அந்த டெலிபோன் ஒயர் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

“எடுத்துட்டுப் போகலம்மா. இங்கயே விளையாடுறேன். உள்ள உக்காந்து.”

அம்மா திரும்பிப் பார்த்தார்கள். கூடத்தில் உன் அப்பா நாற்காலியில் இருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார். நான் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன், எடுக்கவில்லை.

“டிவிய இப்ப செவுத்துல அடிச்சிருக்கு,” என்றார் உன் அப்பா. “ஜன்னல் பக்கம் திருப்ப முடியாது.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நான் நாத்தங்காலப் பாத்துட்டு வரேன்.” என்னை ஒட்டியே இறங்கிப் போனார்.

ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது செந்தில். ஒயர், தொட்டி, நான், எல்லாம்.

அடாப்டர் செத்துப்போயிருந்தது. கடைக்குப் போய் ஒன்று எடுத்துவந்தேன். மாட்டினேன், படம் வந்தது. இரண்டாவது ஆள் இல்லையே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது உன் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். உன் ஜாய்ஸ்டிக்கை அவர்களிடம் கொடுத்தேன். டேப் சுற்றியது எனக்கு.

எல்லா ஸ்டேஜிலும் முதலில் செத்தது அம்மாதான். “இவன் ஏன் தம்பி செவுத்துலயே போய் முட்டுறான்?” “நீங்கதாம்மா முட்ட வெக்கிறீங்க.” “நானா? நான் சும்மாதான இருக்கேன்.” நடுவில் எழுந்துபோய்க் காபி போட்டுவந்தார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். கழுவி வைக்கவில்லை.

கடைசி ஸ்டேஜில் மட்டும் அம்மாவைச் சாகவிடாமல் கதவு வரைக்கும் கூட்டிவந்துவிட்டேன். “இந்தப் பட்டன அமுக்கிப் புடிச்சுக்கங்கம்மா. விட்டுடாதீங்க.”

“விடல. நீ போ.”

இடது ஓரத்தை அப்போதுதான் முதல்முதலாக முழுதாகப் பார்த்தேன். அகழி ஒன்றும் பெரிதில்லை. அக்கரையில் ஒரு கல், அதன்மேல் சங்கிலி. பார்த்துக் குதித்தால் சின்னப் பையன்கூடத் தாண்டிவிடுவான். குதித்தேன், பிடித்தேன். கதவு திறந்தது. இரண்டு பேரும் உள்ளே போய்ப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நமக்குத் தெரியாத பாஷையில் ஒரு வரி வந்தது. பிறகு திரும்பவும் முதல் ஸ்டேஜ்.

“அவ்வளவுதானா?” என்றார்கள் அம்மா.

“அவ்வளவுதாம்மா.”

“இதுல அவன் எது?”

“செவப்புச் சட்ட.”

அம்மா பட்டனை இன்னும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விடலாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டேன்: “செந்திலு என்னிக்காவது கேட்டானாம்மா? என்ன உள்ள விடச் சொல்லி, அய்யாகிட்ட?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லப்பா.” பிறகு, மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஏன், நீயும் கேட்டிருக்கலாம்ல?”

நான் கேட்டிருக்கலாமாம். தொட்டிமேல் நின்றவன் கேட்டிருக்கலாமாம். அம்மாவிடம் சண்டை போட வேண்டும் என்று வந்தது. பட்டனை இன்னும் விடாத அவர்கள் கையைப் பார்த்ததும் போய்விட்டது. அவர்களும் அந்த வீட்டில் யாரிடம் எதைக் கேட்டிருப்பார்கள்?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு அங்கே போவேன், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். முன்வாசல் வழியாகத்தான் போவேன். அம்மாவுக்குக் கேமில் வருகிற ஏணியில் ஏறக் கற்றுத் தருவேன். உன் அப்பா எழுந்து நாற்றங்காலுக்குப் போனால் போகட்டும், இருந்தால் இருக்கட்டும். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். கேட்கவில்லை, சரி. கேட்க வேண்டும் என்று நினைத்தாவது இருந்தாயா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லுடா.

உன் பங்காளி,
அன்பு