அவர் வருவதற்குள்

இன்று காலை எங்கள் பிளாட்டுக்குக் கீழே புல்லுக்கு மருந்து அடித்தார்கள். மூன்றாவது மாடியில் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாக அந்த வாடை ஏறி வந்தது. கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு வங்காளதேசத்து ஆட்கள். ஒருவன் முன்னால் அடித்துக்கொண்டே போகிறான், மற்றவன் அந்த மருந்துக் காற்றிலேயே பின்னால் நடக்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பக்கத்துப் பக்கத்துல போங்கடா, காத்து பின்னால அடிக்குது பாரு!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினார்கள். சன்னலை மூடினேன். வாடை போகவில்லை. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

செத்தவர்கள் தூங்குகிறார்கள் என்று நீ சொல்வாய். தூங்குகிறவளுக்கு மடல் எழுதுகிறவள் பைத்தியக்காரிதான். ஆனால் இதை உயிரோடு இருக்கிற யாரிடமும் சொல்ல எனக்கு வழியில்லை. உன் மகள் எஸ்தரிடம் சொல்லவே வழியில்லை.

சுவா என்ற சின்ன ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த நம் தோட்டத்தில் பதினொரு வருடம் நாம் இருவரும் மருந்தடி ஜோடி. செம்பனை மரங்களுக்கு நடுவே உனக்கு ஒரு நிரை, எனக்குப் பக்கத்து நிரை. கால் ஒன்றாக நடந்தால்தான் காற்று ஒருத்தி மருந்தை மற்றவள் முகத்தில் அடிக்காது. அதனால் வேலை வாங்குகிற மண்டோர் நம்மைப் பிரித்ததே இல்லை. உன் புருஷன் போன பிறகு நீ தெமியாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த சபைக்குப் போக ஆரம்பித்தாய். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சொன்னதெல்லாம் திங்கட்கிழமை காலையில் என் காதுக்கு வந்துவிடும். நான் சபைக்குப் போகாமலே முழுப் பிரசங்கமும் கேட்டவள்.

"மாரி, அவரு வர்றப்ப எக்காளம் ஊதும் டி. உலகம் முழுக்கக் கேக்கும்."

"காலையில பெரட்டுக்கு மணி அடிக்கிற மாதிரியா?"

"அதவிடச் சத்தமா."

"அப்ப பெரட்டுக்கு முன்னயே வரச் சொல்லு லா. நம்மள வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்புடுற அந்த மண்டோர் மூஞ்சியப் பாக்காமப் போயிடலாம்."

நீ சிரித்துவிட்டு, சிரித்ததற்காக உடனே ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பாய். உன் வீட்டுக்குப் பின்னால் பயத்தங்காய் போட்டிருந்தாயே, அதையும் நான் விடவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ வரப்போகிறார் என்கிறவள் எதற்குப் பந்தல் கட்டுகிறாய் என்று கேட்டேன். "வந்துட்டாருன்னா காய நீ அறுத்துக்க" என்றாய். நான் பின்தங்கிப் போகிறவள் என்பதில் உனக்கு அவ்வளவு நிச்சயம். எனக்கும்தான். சாமி அறையில் மாரியம்மன் படத்தை வைத்துக்கொண்டு, பெயரையும் மாரியம்மா என்று வைத்துக்கொண்டு நான் எங்கே போக முடியும்?

ஒரு நாள் அதைச் சொன்னாய். இரண்டு பெண்கள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பார்களாம். ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாளாம், மற்றவள் கைவிடப்படுவாளாம். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. மற்றவள் நிற்பாள், இருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். கைவிடப்படுவாள். "நல்லா இருக்குடி உங்க சாமி" என்று சொல்லிவிட்டு நான் அடித்துக்கொண்டே போனேன். நிரையின் கோடிக்கு வந்ததும் பம்பை நிறுத்தினாய்.

"அந்த நேரம் வந்தா என் கையப் புடிச்சிக்க. இறுக்கமா. நான் விடமாட்டேன்."

"உங்க ஆண்டவரு கண்டுக்க மாட்டாரா?"

"கண்டுக்குவாரு. ஆனா தட்டிவிட மாட்டாரு."

இது உங்கள் பாஸ்டர் சொல்லிக்கொடுத்ததாக இருக்காது. நீயே யோசித்துக் கண்டுபிடித்தது. இருபத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதர் என்னிடம் இவ்வளவு பெரிய வார்த்தை ஒன்று சொன்னதில்லை.

பிறகு அந்தப் பெரிய புகைமூட்டம் வந்த வருடம். கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிகிறது என்று டிவியில் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், நமக்கு மட்டும் வேலை இருந்தது. பகல் பத்து மணிக்கும் சூரியன் கண் கூசாமல், முட்டையின் மஞ்சள் கருவாகத் தொங்கியது. நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"இதான் டி. சூரியன் இருண்டு போகும்னு எழுதியிருக்கு."

"காடு எரியுது டி."

"எரியிறதும் எழுதியிருக்கு."

அன்று சாப்பாட்டு நேரத்தில் கையுறையைக் கழற்றச் சொன்னாய். என் கையை எடுத்து உன் சட்டைக்குள் இடது மார்பில் வைத்தாய். புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று, நழுவாமல் நின்றது.

"எப்பலேந்து?"

"ஹரிராயா பெருநாளுக்கு முன்னலேந்து."

"நாளைக்கே கிளினிக் போவோம். நான் லீவு போடுறேன்."

"வேணாம் மாரி. அதுக்குள்ள அவரு வந்துருவாரு. வந்துட்டா இந்த ஒடம்பே மாறிடும். இதப் போயி யாருகிட்ட காட்டுறது?" பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். "எஸ்தருகிட்ட சொல்லிடாத. கடைசி வருசப் பரிச்சை எழுதுறா. கெட்டுப்போயிடும்."

நான் வழக்கம்போல நெஞ்சில் கை வைத்து, "மாரியம்மா மேல சத்தியமா" என்று ஆரம்பித்தேன். நீ என் வாயைப் பொத்தினாய். உன் விரலில் மருந்து வாடை.

"சத்தியம் பண்ணாத. எங்க ஆண்டவரு வேணாம்னு சொல்லியிருக்காரு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அவ்ளோதான்."

"ஆமா" என்றேன்.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அம்மன் மேல் சத்தியம் செய்திருந்தால் எனக்கு வழி தெரியும். என் நாத்தனாரோடு இனி பேச மாட்டேன் என்று ஒருமுறை சத்தியம் செய்து, மூன்றாம் மாதமே அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டிவந்தது. பூசாரியிடம் சொல்லி, எலுமிச்சை விளக்குப் போட்டு, தேங்காய் உடைத்துச் சத்தியத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய் விருந்து சாப்பிட்டேன். எங்கள் அம்மன் கோபக்காரிதான், ஆனால் சமாதானம் பேச இடம் வைத்திருக்கிறாள். உனக்குச் சொன்ன "ஆமா"வை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? யாரிடம் கேட்பது? அது உன் சாமியின் முறையில் கொடுத்த வார்த்தை, அதை மீறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை உன் கையைப் பிடிக்கிற உரிமையே போய்விடும் என்று பயந்தேன். நீ சிரிப்பாய். ஆனால் உண்மையாகவே அப்படித்தான் பயந்தேன்.

அன்று இன்னொன்றைக் கேட்டிருக்க வேண்டும். அவர் வரப்போகிறார் என்றால் எஸ்தருக்கு எதற்குடி பரிட்சை? வானமே சுருண்டுபோகும்போது அவள் படிப்பு கெட்டால் என்ன? எவ்வளவு சுலபமான கேள்வி! எதற்கெடுத்தாலும் வாயாடுகிற எனக்கு அன்று அது தோன்றவில்லை. கேட்டிருந்தால் நீ பதில் தெரியாமல் முழித்திருப்பாய், பிறகு அழுதிருப்பாய். உனக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம், அறுப்பார்கள் என்று பயம் என்று சொல்லியிருப்பாய். நான் உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அந்தக் கேள்வி எனக்கு உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள் கழித்து, பஸ்ஸில் போகும்போது தோன்றியது. பஸ்ஸிலேயே வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்காக உன்னைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பம்பை வலது தோளுக்கு மாற்றினாய். கேட்டால், "கொறஞ்சிருக்கு டி" என்பாய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன். புகை கலைந்து வானம் நீலமாக வந்ததும் ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அவர் வருகிற அடையாளம் போய்விட்டதாகப் பட்டது. உன் ஆண்டவர் மேல் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. உன் மேல் இருந்தது. அதனால் நானும் அவரை அவசரப்படுத்த ஆரம்பித்தேன். நிரையில் நடந்துகொண்டே, சீக்கிரம் வாங்க, இவளுக்கு நேரம் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் படிக்கிற ஊரிலிருந்து வந்தாள். உன்னைக் கட்டிப்பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புண் உடைந்து, நீ பவுடரைக் கொட்டி மறைத்த அந்த நாற்றம் அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், நானும் கூட வந்தேன். சின்ன வயசு மலாய் டாக்டரம்மா. கத்தவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு, "கெனாப்பா லம்பாட் சங்காட், மாக்சிக்?" என்று கேட்டாள். ஏன் இவ்வளவு தாமதம் பெரியம்மா என்று. நீ மேலே கூரையைப் பார்த்தாய். எஸ்தர் உன்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன்பு வந்திருந்தால் செய்வதற்கு நிறைய இருந்தது என்றாள் டாக்டரம்மா.

ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம். ஆஸ்பத்திரியில் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போகிற நேரம். எஸ்தர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நீ கண்ணைத் திறந்து, "மாரி, அவரு வரலியே டி" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாய். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கமாகத்தான் பிடித்தேன், நர்ஸ் வந்து விரல்களைப் பிரித்தெடுக்கும்வரை பிடித்திருந்தேன். நீ போனாய். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

அடக்கத்தன்று உங்கள் பாஸ்டர் அழுதார். "எனக்கு முன்னயே தெரிஞ்சிருந்தா நானே டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன் சிஸ்டர், ஜெபமும் பண்ணியிருப்பேன்" என்றார். அந்த மாடிச் சபையில் ஒருவரும் மருந்து சாப்பிடாதே என்று உனக்குச் சொன்னதில்லை. அது நாம் இருவரும் மட்டும் நிரையில் நடத்திய சபை. அதில் நீ பிரசங்கி, நான் ஆமா போடுகிறவள்.

ஒரு வருடம் கழித்துப் பூசாரியிடம் கேட்டேன். சத்தியம் செய்யாமல் கொடுத்த வார்த்தைக்கு என்ன பரிகாரம் என்று. "அதுக்கெல்லாம் பரிகாரம் எதுக்குக்கா? சத்தியமே இல்லியே. வேணாம்னா மீறிட்டுப் போக வேண்டியதுதானே" என்று சிரித்தார். அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கேள்வி. நான் கோயில் வாசலில் விட்ட செருப்பைப் போட மறந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்துவிட்டேன்.

தோட்டத்தை விற்றார்கள். நான் பாரோயில் இந்தப் பிளாட்டுக்கு வந்துவிட்டேன். எஸ்தரும் வேலை மாறி இங்கேயே பக்கத்தில் இருக்கிறாள், என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். போன வாரம் உன் நினைவு நாளுக்குக் கேக் கொண்டுவந்தாள். சாப்பிடும்போது சொன்னாள், "நான் தூரத்துல படிச்சேன், அதான் கவனிக்கல. அம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது சித்தி. தெரிஞ்சிருந்தா ஒங்ககிட்டயாவது சொல்லியிருப்பாங்க." இத்தனை வருடமாக அவள் தன்னைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தையில் அவளை இறக்கிவிடலாம். நான் இன்னொரு துண்டு கேக் வெட்டி அவள் தட்டில் வைத்தேன். அவளும் வராமல் போய்விட்டால் இந்த வீட்டுக் கதவைத் தட்ட ஆள் இல்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதினொரு வருடம் நீ தொண்டை வறளச் சொல்லியும் வராத நம்பிக்கை எனக்கு இப்போது வந்துவிட்டது. உன்னைவிட அதிகமாக நம்புகிறேன். அவர் வருவார். மண் திறக்கும், நீ எழுந்து வருவாய், எஸ்தர் ஓடிப்போய் உன்னைக் கட்டிக்கொள்வாள். ஏம்மா சொல்லல என்பாள். உனக்குப் பொய் வராது, மாரிகிட்ட சொன்னேனே என்பாய். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள். என்னை எரித்துச் சாம்பலைப் போர்ட்டிக்சன் கடலில் கரைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று கூட யோசித்தேன். கடலும் தன்னிடம் உள்ளவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று நீதான் ஒரு திங்கட்கிழமை சொல்லியிருக்கிறாய்.

அதனால் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போகிறேன். அம்மனிடம் உடம்புக்குச் சுகம் கேட்பதில்லை, காசு பணம் கேட்பதில்லை. நீ அவ்வளவு ஆசையாகக் காத்திருந்தாயே, அவர் வரவேண்டாம் என்று கேட்கிறேன்.