அளவு ரவிக்கை

சிங்கப்பூர், 12-3-1961, ஞாயிறு

இன்று தேக்கா தையற்கடை பாயிடம் பழைய அளவு ரவிக்கையைக் கொடுக்கவில்லை. ஓரத் தையலைப் பிரித்துப் பெரிதாக்கி, இப்போது நான் வீட்டில் போட்டுவரும் ஒன்றைக் கொடுத்தேன்.

இரண்டு வருடமாக அந்தப் பழசைத்தான் அளவுக்குக் கொடுத்துவந்தேன். இளைத்துவிடுவேன் என்று வீம்பு. தைத்து வந்தது எதுவும் கையில் ஏறாது. வெளியே போட நல்ல ரவிக்கை இல்லையென்று கோயில், கல்யாணம் எதற்கும் போகாமல் அறைக்குள்ளேயே கிடந்தேன்.

பாய் ரவிக்கையை விரித்துப் பார்த்தார்.

"உடம்பு வச்சிருக்கீங்க தங்கச்சி. நல்லா இருக்கீங்கன்னு தெரியுது லா."

எல்லோரும் சொல்வதுதான். வழக்கமாகச் சிரித்து மழுப்பிவிடுவேன். இன்று என்னவோ முடியவில்லை.

"நல்லா இல்ல பாய். மனசு சரியில்லாம தின்னு தின்னு வந்த உடம்பு இது."

குரல் நடுங்கவில்லை. பாய்தான் தலையைக் குனிந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை தந்துடுறேன். சரியா இருக்கும்" என்றார்.

கூடப் பக்கத்து அறைக் கமலாக்காவும் வந்திருந்தாள். குச்சி மாதிரி இருப்பாள். நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். ஜாலான் புசார் தெருவுக்குத் திரும்பி, கீழே கடையும் மேலே அறைகளுமான எங்கள் கடைவீட்டு மாடிப்படியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வருஷமா சோறே இறங்கலடி. அழுகைதான் வருது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

படியிலேயே உட்கார்ந்து விளக்கு வைக்கும்வரை பேசினோம்.

வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போகிறோம். எழுதும்போதே கர்வமாக இருக்கிறது. இருக்கட்டும். முதலில் வாய் திறந்தவள் நான்தான்.