படகு மூடிக்கு ஜீப் ரப்பர்

மாமே,

இன்று காலை அம்பத்தூர் பாத்திரக்கடையில் என் மானம் போனது. மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, தனியாகக் குடித்தனம் வைக்கப்போகிறாள். டம்ளர் வாங்கப் போனவன் சும்மா இருந்தேனா? காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்கும் என்ற உன் கணக்குப்படி, பையிலிருந்து உன் காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார். என் மனைவி பத்தடி தள்ளிப்போய், நான் யாரோ என்பதுபோல் குக்கர்களை வேடிக்கை பார்த்தாள்.

உடைந்த ஸ்பீக்கரிலிருந்து நீ பிடுங்கிய காந்தம். உன் காரியத்தன்று உன் வீட்டம்மாதான் கொடுத்தார்கள். "ஊட்ல வச்சா கரண்டியெல்லாம் அதுங்கிட்ட பூடுதுண்ணா, நீயே எட்த்துகினு போ." அழுகைக்கு நடுவே சிரித்துத் தொலைத்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால், பூட்டும் கொக்கியும் செய்கிற நம் ஷெட். உனக்குக் கை, எனக்கு வாய். அதுதான் நம் கூட்டுத்தொழில். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், எதற்கு வேண்டுமானாலும் பூட்டு போடுவோம் என்று அளந்துவிட்டேன். அவர் பழவேற்காட்டு மரியதாஸ் அண்ணன், படகுக்காரர். மறுவாரமே தன் படகின் என்ஜின் மூடியோடு வந்து நின்றார். ஆள் நீள ஃபைபர் மூடி. கிளிப்புகள் துருவேறி உதிர்ந்திருந்தன. நடுக்கடலில் மூடி பறந்து, அலை என்ஜினுக்குள் புகுந்து, அவரும் தம்பியும் ஒரு பகல் முழுக்க மிதந்திருக்கிறார்கள்.

"இன்னொரு தபா பறந்தா நாங்க கரை சேர மாட்டோம். அடுத்த திங்கக்கிழமை கடலுக்குப் போவணும்" என்றார்.

நான் பாரிமுனைக்கு ஓடி, கண்ணாடி மாதிரி மின்னும் சூட்கேஸ் கிளிப்புகளை வாங்கி வந்தேன். எஸ்டேட்டில் பாதிப் பேருக்குக் காட்டியும் விட்டேன். நீ காந்தத்தை நீட்டினாய். டொக்!

"மேல மேக்கப்பு, உள்ள இரும்பு. உன்ன மாதிரியே கீது."

எனக்கு ரோஷம். ஒன்றை உப்புத்தண்ணீர் டப்பாவில் போட்டாய். மூன்றாம் நாள் பார்த்தால் மிளகாய்த்தூள் தடவிய மாதிரி சிவந்து கிடந்தது.

அன்றே நீ ஆவடி காயலான் கடையில் மேய்ந்து, பழைய ஜீப்பின் பானெட்டை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் கொக்கிகள் நாலு கொண்டுவந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காத. கிளிப்பு அதிர்ந்தா கயண்டுக்கும். ரப்பரு அதிர அதிர இன்னும் இழுத்துப் புடிக்கும்."

இரும்புப் பாகத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, காந்தம் ஒட்டாத கம்பியில் புதுக் கொக்கி வளைத்தாய். மூடியில் பிய்ந்துபோன ஓட்டைகளைப் பிசின் வைத்து அடைத்து, உள்பக்கம் அகலமான வாஷர் கொடுத்து, மறுபடி துளைத்து முடுக்கினாய்.

"கடல்ல நிக்குமா?" என்றார் அண்ணன்.

"கடலுக்கு நா எங்க போவேன்? பூந்தமல்லி ரோடு கீதே!"

மரச்சட்டத்தில் மூடியை மாட்டி லோடு ஆட்டோவில் ஏற்றினோம். நீ ஓட்ட, பின்னால் நானும் அண்ணனும். அந்த வருஷ மழைக்குப் பிறகு அந்த ரோடு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோ எம்பி விழுந்தது. பயத்தில் மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டாய்.

"கைய எட்றா டேய்! நீ புட்ச்சிகினா அது டெஸ்டா?"

கையை எடுத்தேன். பாரிவாக்கம் திருப்பத்தில் படாரென்று ஒரு சத்தம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்தேன். நடுரோட்டில் கிடந்தது ஆட்டோவின் பின்பலகை! மூடி ஒரு நூல் அசையவில்லை. அண்ணன் தன் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். ரப்பர் அவரைத்தான் இழுத்தது.

"திங்கக்கிழமை போறேன்" என்றார்.

போனார், வந்தார். செவ்வாய்க்கிழமை நம் ஷெட் முழுக்க இறால் வாடை. எஸ்டேட்டே மோப்பம் பிடித்து வந்தது.

நாளைக் காலை மகளுக்கு ரயில். டம்ளர், கரண்டி எல்லாம் உன் காந்தத்தில் பாஸ். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ரயில்கூடவே ஓடுவேன் என்று மனைவி இப்போதே கிண்டல் செய்கிறாள். ஓடத்தான் போகிறேன், மாமே. பின்னாலிருந்து நீ "கைய எட்றா டேய்!" என்று கத்துகிற வரைக்கும்.