நாளைக்குக் கப்பலை எடுக்கலாம்

பாசிர் கூடாங்,
14 மார்ச்

அன்பு மகன் யுகேந்திரனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி லோஷினியும் உயிரோடு இருக்கிறோம். உன் போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. நீ அழ ஆரம்பித்தால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அப்பாவை வியாழக்கிழமை கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். லோஷினி அடம்பிடித்தாள். அப்பாவோடு கப்பலில் வேலை செய்த லூயிஸ்தான், "வேணாம்லா தங்கச்சி, அதுல பாக்குற மாதிரி ஒண்ணும் இல்ல" என்று தடுத்தார். அவருக்கும் இரண்டு கையிலும் கட்டு.

நடந்ததை அவர் நேற்று சொன்னார். சண்டை நடக்கும் கடல் பக்கம் போனதிலிருந்தே கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் திரை தப்பாகக் காட்டியதாம். தண்ணீரில் நிற்கிற கப்பல் பாலைவனத்தில் நிற்பதாகக் காட்டுமாம். செயற்கைக்கோள் சமிக்ஞையை யாரோ கெடுக்கிறார்கள் என்று கேப்டன் நங்கூரம் போட்டுவிட்டார். அப்போதுதான் அப்பா போனில் பேசிப் பதிந்து எனக்கு அனுப்பினார்: "மலரு, நம்ம தம்பிக்குத்தான் சட்டிலைட் வேலையெல்லாம் தெரியுமே. எப்ப சரியாவும்னு கேட்டுச் சொல்லு."

உன்னிடம் கேட்டேன். நீ எழுதிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "பயப்பட ஒண்ணுமில்லம்மா. சும்மா டெஸ்ட்தான். இன்னிக்கோட முடிஞ்சிடும். நாளைக்குக் கப்பலை எடுக்கலாம்."

நான்தான் அதை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் கேப்டனிடம் காட்டி, தன் மகன் ராணுவத்துக்குச் சட்டிலைட் கருவி செய்யும் கம்பெனியில் இன்ஜினியர் என்று சொல்லிச் சிரித்தாராம். மறுநாள் திரையும் சரியான இடத்தைக் காட்டுவது போலத்தான் இருந்ததாம். நங்கூரத்தை எடுத்தார்கள். திரை சொன்னது பொய். புழுதிக்காற்றில் எதிரே வந்த கப்பல் இவர்கள் கப்பலின் வயிற்றில் இடித்தது. எண்ணெய் பற்றிக்கொண்டது. அப்பா கீழ்த்தளத்தில் இருந்தார்.

தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னாய், ஒரு தோட்டா சுடாமல் ஒரு கப்பலையே குருடாக்கலாம், இனிமேல் சண்டையெல்லாம் வானத்துக்கு மேலேதான் என்று. பக்கத்து வீட்டு வெள்ளையம்மா வரைக்கும் அப்பா அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அது டெஸ்ட் என்று உனக்கு எப்படித் தெரியும்? இன்றோடு முடியும் என்று யார் சொன்னது?

லூயிஸ் இதைக் கேட்கவில்லை. பாவம், "உங்க மகனும் எங்கள மாதிரி நம்பிட்டாப்ல, அண்ணி" என்றார். விசாரணைக்காரர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். அப்பாவின் போன் எரிந்துவிட்டது. நீ அனுப்பியது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. லோஷினிக்குத் தெரியாது. அழிக்கவா, காட்டவா? நீ சொல்கிறபடி செய்கிறேன். போன தடவையும் அப்படித்தானே செய்தேன்.

கருமாதிக்கு வராதே. பெரியப்பா மகன் லோகேஸ்வரன் செய்வான். அப்பாவுக்கு மகன் இல்லையா என்று ஊரார் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது இருக்க வேண்டும், சாமி. அதில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது.

உன்னைப் பெற்ற
மலர்