முதல் பெயர்

அன்புள்ள அண்ணா,

டப்ளினில் குளிர் எப்படி? இங்கே ஆற்றோரப் பாதையில் இன்னும் வண்டிகள் போகின்றன. வாத்தியார் கொடுத்த இரண்டாவது லத்தீன் புத்தகத்தையும் படித்து முடித்துவிட்டேன்.

கத்தோலிக்கனாகவே இருந்தால் புதுச் சட்டப்படி நம் நிலம் கைவிட்டுப் போகும் என்றுதான் நீ அரசரின் புராட்டஸ்டண்ட் திருச்சபைக்கு மாறினாய். அது அம்மாவுக்குப் புரிகிறது. அப்பாதான் இந்த வீட்டில் உன் பெயர் ஒலிக்கக் கூடாது என்றார். ஓராண்டாக ஒலிக்கவில்லை.

அப்பா இனிப் பிழைக்க மாட்டார். நேற்று பாதிரியார் வந்து அவர் நெற்றியில் கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். பிறகு வழக்கப்படி, சாகப்போகிறவர் காதில் வம்ச வரிசை சொல்ல நம் குடும்பப் பாணர் ஃபெர்கல் வந்தார். தலைமகனில் தொடங்கித்தானே முன்னோர் வரை ஏற வேண்டும்? அவர் வாயே திறக்கவில்லை.

"என்னய்யா, நாக்க எங்கயாவது அடமானம் வச்சுட்டியா?" என்றார் அப்பா.

"ஏணியோட முதல் படிய நீங்களே பிடுங்கிட்டீங்க எசமான். நான் எங்க கால வச்சு ஏறுறது? உங்க வேட்டை நாய் பேர்லருந்து ஆரம்பிக்கட்டுமா?"

ஃபெர்கல் சொல்லக் கேட்டுக் கேட்டு வம்ச வரிசை முழுவதும் எனக்கு மனப்பாடம். அதனால் உன் பெயரிலிருந்து நானே தொடங்கினேன்: "ஓவன், டொனகாவின் மகன். டொனகா, ஃபெலிமின் மகன்..." பயத்தில் குரல் சரியாக எழும்பவில்லை.

அப்பா கண்ணைத் திறக்காமலே, "முதல் பேரு காதுல விழல. திரும்பச் சொல்லு" என்றார்.

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார், அண்ணா. இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடம், நீ ஏறி வர இன்னொரு குதிரையும் அனுப்பியிருக்கிறோம்.

உன் தங்கை