கடலில் இல்லாத படகு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா?

உன் செயற்கைக்கோள் என் மானத்தை வாங்கிவிட்டது. போன வாரம் எங்கள் மீட்பு மையத்துக்கு வந்த ரேடார் படத்தில், கடல் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. படகுதான் என்று அடித்துச் சொன்னேன். மீட்புப் படகு கடல் கொந்தளிப்பில் போய்த் தேடிவிட்டு, சும்மா திரும்பியது. இன்ஜின்காரருக்குக் கை முறிந்ததுதான் மிச்சம்.

கேப்டன் என் மேசைக்கு வந்து, "இனிமே புள்ளி கிள்ளி தெரிஞ்சா உனக்குள்ளயே வச்சுக்கோப்பா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தச் செயற்கைக்கோளின் ரேடார் ஆண்டெனாவை வடிவமைத்தவள் நீ. படத்தை இதோடு அனுப்புகிறேன். கோளாறு என் கண்ணிலா, உன் ஆண்டெனாவிலா? வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து என் உயிரை வாங்கலாம் என்று பார்க்கிறாயா? அதற்கு உன் அத்தான் ஒருவரே போதும்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் கண்ணில் கோளாறு இல்லை. ஆண்டெனா நீளமாக இருந்தால் ரேடார் அலை குறுகலாக, ஒரே இடத்தைப் பார்த்துப் போகும். ராக்கெட்டில் இடமில்லை என்று நீளத்தைக் குறைத்துவிட்டார்கள். மல்லுக்கு நின்றேன், எடுபடவில்லை. குட்டை ஆண்டெனாவின் அலை முன்னும் பின்னும் சிந்தும். சிந்திய இடத்தில் பெரிய இரும்பு ஏதாவது இருந்தால், அதன் மங்கலான நகல் கடலில் வந்து விழும். நீ பார்த்த படகு, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டி.

ஆனால் நகல் நினைத்த இடத்தில் விழாது. செயற்கைக்கோள் போகும் திசையில், அசலிலிருந்து குறிப்பிட்ட ஒரு தூரம் தள்ளித்தான் விழும். அந்தத் தூரத்தைக் கணக்குப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து பார். அங்கே இரும்பு இருந்தால் சந்தேகப்படு. இல்லையென்றால், யார் என்ன சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு இருக்காதே.

இன்ஜின்காரர் கை எப்படி இருக்கிறது? எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்கா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின்காரர் தேறிவருகிறார். கட்டுப் போட்ட கையோடு வந்து எல்லோரையும் அதட்டுகிறார்.

நேற்று மறுபடியும் ஒரு புள்ளி. நீ சொன்னபடி இரண்டு பக்கமும் அளந்தேன். ஒரு பக்கம் வெறும் தண்ணீர், இன்னொரு பக்கம் வெறும் மணல். நேராகக் கேப்டனிடம் போய்ச் சொன்னேன்.

"மறுபடியுமா?"

"அளந்துட்டேன் சார். இது அசல்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு படகை எடுக்கச் சொல்லிவிட்டார். அது திரும்பும்வரை படகுத்துறையிலேயே நின்றேன்.

இன்ஜின் நின்றுபோன சின்னப் படகு, அக்கா. ஒரு அப்பாவும் இரண்டு மகள்களும். மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள்.

கரையேறியதும் மூத்தவள், "நாங்க அங்க இருக்கோம்னு யாரு பாத்தா?" என்று கேட்டாள். கேப்டன் என்னைக் காட்டினார். எங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

உன் தம்பி