பாத்துக்க வந்த பொண்ணு

அக்காவுக்கு,

நீ குளித்துவிட்டு வருவதற்குள் எழுதி முடிக்கிறேன். நாற்பது நாள் கப்பல் பயணம், "நாம ஒண்ணா இருந்து எத்தன வருஷமாச்சுடி" என்று நீ கூப்பிட்டதும் பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

ஏறிய அன்றே அத்தானின் சக்கர நாற்காலி என் கைக்கு வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் பக்கத்து அம்மா "இவங்க யாரு?" என்று கேட்டார். "இவரப் பாத்துக்க வந்த பொண்ணு" என்றாய். அத்தான்தான் "என் மச்சினி" என்று திருத்தினார். நீ தட்டைப் பார்த்துச் சிரித்தாய்.

இந்தத் துறைமுகத்தில் இறங்குகிறேன். அத்தானிடம் சொன்னேன். "போம்மா" என்றார். மதிய மாத்திரை மேல் இழுப்பறையில் இருக்கிறது. மீதி நாள்களில் அவரோடு கொஞ்சம் பேசிப் பார்.

உன் கூடப்பிறந்தவள்